எந்தக் காத்து?

ஆனி பிறந்துவிட்டால் தென்காசித் தொலைபேசி நிலையத்தில் எங்களிடம் யாரும் "சௌக்கியமா" என்று கேட்க மாட்டார்கள். "காத்து எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். மதுரைக்காரர் கேட்பார், விருதுநகர்க்காரர் கேட்பார், அவர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கும் திருநெல்வேலி ஆபரேட்டரும் சந்தடிசாக்கில் தனக்கென்று ஒரு தரம் கேட்டுக்கொள்வாள். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வர வேண்டும். காற்று வந்தால் சாரல் வரும், சாரல் வந்தால் குற்றாலத்தில் தண்ணீர் விழும், தண்ணீர் விழுந்தால் இவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். 'அருவியில் தண்ணி விழுதா' என்று நேரே கேட்டுத் தொலைக்கலாமே, கேட்க மாட்டார்கள். காற்றில் தொடங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி. நானும் "ஜோரா அடிக்குது, வாங்க" என்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். வாய் தானாகச் சொல்லிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எல்லா அழைப்பும் எங்கள் கை வழியாகத்தான் போகும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் எங்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான். நான் தென்காசி. அந்தப் பக்கம் இருப்பவள் செங்கோட்டை. அவளை நான் ஒரே ஒரு தடவை ஒரு கல்யாண வீட்டில் நேரில் பார்த்தேன். அவள் நிஜப்பெயரைச் சொன்னபோது யாரையோ சொல்லுகிறாள் என்று விழித்தேன்.

அந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. மலைப் பாதையில் எங்கே என்ன விபத்து நடந்தாலும் செய்தி முதலில் எங்கள் காதுக்குத்தான் வரும். "டயர் வெடிச்சு லாரி உருண்டுட்டு, டாக்டருக்கு லைன் போடுங்க" என்று எவனாவது மூச்சு வாங்கக் கத்துவான். நான் லைனைப் போட்டுவிட்டு, போர்டில் அடுத்து எரிகிற அழைப்பு விளக்கைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் அந்தக் குரல் மறுபடி கேட்கும். காரணம் வேறொன்றுமில்லை, என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். சீசன் மாதங்களில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு புளியரை வழியாக மலை ஏறி ஆரியங்காவு, புனலூர் என்று வாரத்தில் நாலைந்து தரமாவது போய் வருவார். அவர் வீடு வந்து சேர்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. "நீ பயந்தா மட்டும் டயர் வெடிக்காதாக்கும்" என்று கேலி செய்வார். நான் பயந்த நாளில் எல்லாம் வெடிக்கவில்லை, அதுதான் என் பதில்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவர் அந்த வெள்ளைச் சக்கரங்களைக் கொண்டுவந்து காட்டினார்.

கொச்சியில் யாரோ உடைக்கப் போட்ட வெளிநாட்டுக் காரின் அலுமினியச் சக்கரங்கள். நாலும் பளபளவென்று இருந்தன. எங்கள் வண்டியோ கருப்பு அம்பாசிடர். அதன் போல்ட்டுக்கும் இதன் துளைக்கும் சம்பந்தமே இல்லை. ஆலங்குளத்துப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் துளைகளைக் கடைந்து அகலமாக்கி, இடைவெளிக்கு வாசர் கொடுத்து, ஒரு வாரம் மெனக்கெட்டு மாட்டினார். ஸ்டெப்னிக்கு மட்டும் பழைய இரும்புச் சக்கரத்தையே டிக்கியில் வைத்துக்கொண்டார். "பார்ட்டிக்காரன் ஸ்டாண்டுல பத்து வண்டி நின்னாலும் இதத்தான் கை காட்டுவான், பாரு" என்றார். கை காட்டினார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சக்கரங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரமாக வந்தது. வேறொரு வண்டிக்கென்று செய்ததை இந்த வண்டியில் கொண்டுவந்து மாட்டி, அதை நம்பி மலை ஏறுவதாவது.

"கழட்டிப் போடுங்க அந்தச் சவத்தெ" என்றேன்.

"கண்ணு வைக்காதட்டி" என்றார்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் துபாயிலிருந்து என் தம்பி லீவில் வந்தான். எல்லாருக்கும் சேலை, சென்ட், டார்ச் லைட். எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே நாலு மூடிகள். டயரில் காற்று அடிக்கிற வால்வின் தலையில் திருகி வைக்கிற மூடி, கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். மேலே கண்ணாடி. டயரில் காற்று போதுமான அளவு இருந்தால் கண்ணாடியில் பச்சை தெரியும். குறைந்தால் மஞ்சள், இன்னும் குறைந்தால் சிவப்பு.

"நீ ஒவ்வொரு கடுதாசிலயும் டயர், டயர்னு எழுதுவியே அக்கா, அதான் வாங்கியாந்தேன். மச்சான் வெளிய போகும்போது வாசல்ல நின்னு பாத்தாப் போதும்" என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற தாய்கூட என் பயத்தை அதுவரை இப்படி மதித்ததில்லை. வீட்டுக்காரர் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டயர்ல காத்து இருக்கா இல்லையான்னு ஸ்பேனரால ஒரு தட்டுத் தட்டினா அது சொல்லிப்போடும். இது எதுக்கு?" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். கிளம்புமுன் ஸ்பேனர் பிடியால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவார், சத்தத்தைக் கேட்பார், அவ்வளவுதான். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். சக்கரத்தைப் பற்றி நான் இனிமேல் வாயைத் திறக்கக்கூடாது, மூடியைப் பற்றி அவர் வாயைத் திறக்கக்கூடாது.

நானே மாட்டினேன். தெருவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பழைய மூடியைக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகினேன். பழைய இரும்புச் சக்கரத்தில் வால்வு உள்ளடங்கிக் கிடக்கும். இந்த வெள்ளைச் சக்கரத்தில் வெளியே நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் நாலும் சிவப்புக் காட்டின. ஐயோ என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காற்று அடித்துக்கொண்டு வந்தார். நாலும் பச்சை. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் எனக்கு நல்ல காலம். காலையில் அவர் கிளம்பும்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். பச்சை, பச்சை, பச்சை, பச்சை. சாயங்காலம் வந்து நின்றதும் இன்னொரு சுற்று. அதே பச்சை. தெருவில் உள்ளவர்கள், நான் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறேன் என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். காலையில் அவர் வண்டி தெருமுனையில் திரும்பின சற்று நேரத்தில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். கடைசி வீட்டுக் குக்கர் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் வீட்டில் இவ்வளவு சீக்கிரம் சமையலா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன்.

ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம் பின்பக்கம் இடது சக்கரத்து மூடியைத் தொட்டுப் பார்த்தபோது லேசாக ஆடியது. விரலால் முறுக்கினேன், எனக்குத் திருப்தி இல்லை. மலைப் பாதையில் கழன்று விழுந்துவிட்டால்? வீட்டுக்குள் போய் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இனி ஒரு நூல்கூடத் திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்கினேன். அப்புறம்தான் மனசு ஆறியது.

மறுநாள் காலையில் என்று பார்த்துச் சோறு பொங்கி வழிந்துவிட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் அவர் வண்டியை நகர்த்திவிட்டார். சுற்றிப் பார்க்க முடியவில்லை. வண்டி என்னைத் தாண்டிப் போகும்போது பின்சக்கரம் உருண்டதில் ஒரு துளி சிவப்புத் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா? "ஏங்க, ஏங்க" என்று கத்தினேன். அவர் கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சவாரி குற்றாலத்தில் ஒரு லாட்ஜிலிருந்து. ஐந்து பேர், அதில் ஒரு கைக்குழந்தை. புனலூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். இது எனக்கு முதல் நாளே தெரியும். நான் எட்டரைக்கு டூட்டிக்குப் போய் உட்கார்ந்தேன். சொந்த விஷயத்துக்கு லைனைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஒன்பது வரைக்கும் சட்டத்தை மதித்தேன். ஒன்பது அடித்துப் பத்து நிமிஷம் ஆனதும் சூப்பர்வைசர் அம்மா அந்தண்டை திரும்பின நேரம் பார்த்துக் குற்றாலத்து லாட்ஜுக்குப் பிளக்கைச் செருகினேன். மேனேஜர் எடுத்தார்.

"தென்காசி எக்ஸ்சேஞ்ச் பேசுதேன். காத்து எப்படி இருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"ஜோரா அடிக்குதுக்கா" என்றார்.

அப்பாடா என்று பிளக்கை உருவினேன். அவருக்குத்தான் என் வீட்டுக்காரரைத் தெரியுமே, வாசலில் எட்டிப் பார்த்துக் கேட்டுச் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பு என் கண்ணின் கோளாறு. பக்கத்து சீட்டுக்காரியிடம் அவள் கட்டியிருந்த சேலை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். திருநெல்வேலி வந்தாள். ராஜபாளையத்துப் பார்ட்டிக்கு லைன் கேட்டுவிட்டு, வழக்கம்போல, "ஏட்டி தென்காசி, காத்து எப்படி இருக்கு?" என்றாள்.

"ஜோரா அடிக்குது" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. அதே சொல். அதே ராகம். வண்டிக்காரர் யாராவது டயரைப் பற்றி 'காத்து அடிக்குது' என்பார்களா? டயரில் காற்று இருக்கும், இல்லை என்றால் குறைந்திருக்கும். நாம்தான் பம்பால் அடிப்போம், டயர் தானாக எதை அடிக்கும்? மலையிலிருந்து வருகிறதுதான் அடிக்கும். அந்த மனுஷன் சீசனைச் சொல்லியிருக்கிறான். நாள் முழுக்க இதே கேள்வியை இதே பதிலால் அடைத்துக்கொண்டிருக்கிற நான், எனக்கென்று ஒரு நாள் கேட்க வாய் திறந்தால், அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். திருநெல்வேலி "என்னட்டி சத்தம்?" என்றாள்.

சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று இந்த முறை நான் பார்க்கவில்லை. மறுபடி லாட்ஜ்.

"டாக்ஸில காத்து இருக்கான்னுதானே கேட்டேன்!"

"டாக்ஸியா? அண்ணாச்சி வண்டி ஒம்பதுக்கே கெளம்பிட்டுல்லா. நீங்க சீசனக் கேக்கியன்னுல்லா நெனச்சேன். தென்காசில இருந்துக்கிட்டே இங்கன காத்தக் கேக்காங்களேன்னு எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

ஒரு மாதிரி இருந்தால் திருப்பிக் கேட்டிருக்கக்கூடாதா? அவரைத் திட்டி என்ன பிரயோஜனம், வண்டி போய் அரை மணி ஆகிவிட்டது. செங்கோட்டையைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லும்போதே என் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது. அவள் எக்ஸ்சேஞ்ச் மாடியில், கீழே டீக்கடை. "இரு" என்று சொல்லி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஓடினாள். திரும்பி வந்து, "வெள்ளச் சக்கரம் போட்ட டாக்ஸிதானே? போயி கால் மணி ஆச்சாம். டீக்கடைக்காரர் பாத்திருக்காரு" என்றாள்.

"புளியரை செக்போஸ்ட்டுக்குப் போடு. நிப்பாட்டச் சொல்லு."

அவள் பிளக்கைச் செருகி உருவும் சத்தம் கேட்டது. அப்புறம், "லைன் செத்துக் கெடக்கு, அக்கா. காலைல அடிச்ச காத்துல மரம் விழுந்து கம்பி அறுந்துட்டு" என்றாள்.

காற்று! அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே குமட்டியது.

இனி இருக்கிற ஒரே வழி மலைக்கு அந்தப் பக்கம். ஆரியங்காவில் தபால் ஆபீசில் ஒரு டெலிபோன் உண்டு. செங்கோட்டையிலிருந்து மலையேறி இறங்கினால் எதிரே நிற்கிற ஊர் அது. ஆனால் என் குரல் மலையேற முடியாது. திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய், அங்கிருந்து புனலூர் வந்து, புனலூர்க்காரி மனசு வைத்தால் ஆரியங்காவுக்கு வர வேண்டும். வண்டி நேர்வழியில் போகிறது, நான் ஊரைச் சுற்றிக்கொண்டு துரத்துகிறேன்.

"என்ன நடக்குது இங்க?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. சூப்பர்வைசர் அம்மா. மெமோ கொடுக்க அஞ்சாதவர், அவரைக் கண்டால் போஸ்ட்மேன்கள்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வார்கள். நான் மறைக்கவில்லை. குறட்டால் முறுக்கினதிலிருந்து கம்பி அறுந்தது வரைக்கும் உளறிக் கொட்டிவிட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளக்கைத் தானே எடுத்து, "திருநெல்வேலி, தென்காசி சூப்பர்வைசர் பேசுதேன். சர்வீஸ் கால். ஆரியங்காவு வேணும், திருவனந்தபுரம் வழியா. மத்ததெல்லாம் நிக்கட்டும்" என்றார்.

புனலூர்க்காரி கிடைக்கும்போது மணி பத்தேகால். நான் தமிழில் அழுதேன், அவள் மலையாளத்தில் "கரையண்டா சேச்சி, நோக்காம்" என்றாள். அழாதே, பார்க்கலாம் என்று அர்த்தம். தபால்காரரை ரோட்டில் நிறுத்தினார்கள். கருப்பு அம்பாசிடர், மஞ்சள் கூரை, வெள்ளைச் சக்கரம். அந்தச் சக்கரத்தால் ஒரு உபயோகம் உண்டு என்றால் அது அன்றைக்குத்தான், தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

"வந்நிட்டில்ல" என்றாள் புனலூர். வரவில்லை.

பத்து மணிக்கு அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். பத்தரைக்கு வரவில்லை. பத்தே முக்காலுக்கும் வரவில்லை. லைனை யாரும் துண்டிக்கவில்லை, நாலு ஊரும் பிடித்துக்கொண்டு நின்றது. இடையில் ஒரு விளக்கு எரிந்தால் நான் பதில் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஆள் கோவில்பட்டியிலிருந்து "காத்து எப்படி இருக்கு?" என்றார். நான் பதில் சொல்லாமல் இருந்ததில் பக்கத்து சீட்டுக்காரி கையை நீட்டி அந்த அழைப்பை எடுத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணுக்கு முன்னால் புளியரை தாண்டி மலை ஏறுகிற இடத்து எஸ் வளைவுதான் நின்றது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், சுவருக்கு அப்பால் கீழே தென்னந்தோப்பும் வயலும் சின்னதாகத் தெரியும். அந்தச் சுவரில் இடிந்த இடம் எத்தனை என்று எனக்குத் தெரியும், ஒவ்வொன்றும் என் காது வழியாகத்தான் வந்தது. அடுத்து எரிகிற விளக்கு எந்த லைன் என்று பார்க்கவே பயமாக இருந்தது. டாக்டருக்கு லைன் போடுங்க என்று எவனாவது கத்தினால் அதை நான்தான் போட வேண்டும்.

பதினொன்று தாண்டி ஐந்து நிமிஷம். புனலூர் என்னவோ கத்தினாள். ஒரு கரகரப்பு. அப்புறம் அவர் குரல்.

"ஏட்டி, நான்தான்."

எங்கே இருக்கீங்க, எப்படி இருக்கீங்க என்று எதுவும் எனக்குக் கேட்க வரவில்லை. "காத்து?" என்றேன்.

"எந்தக் காத்தக் கேக்கே?"

"சவத்தெ, டயர்ல உள்ள காத்து! செவப்புக் காட்டுச்சு, நான் பாத்தேன்!"

"செவப்பா..." என்று இழுத்தார். "ஆமா. ஒண்ணு எஸ் வளைவுல உக்காந்துட்டு. பின்னால எடது பக்கம். ஸ்டெப்னி மாத்தி வாரேன், அதான் இவ்வளவு நேரம். யாருக்கும் ஒண்ணும் இல்ல. கைப்புள்ளைக்கு வாந்தி வருதுன்னு அந்த அம்மா சொன்னாவ, மெதுவா, பைய போயிக்கிட்டிருந்தேன். இல்லன்னா சுவரு..." நிறுத்திக்கொண்டார். அப்புறம், "அந்த மூடிய என்னத்தப் போட்டு முறுக்குன நீ? மத்த மூணும் கழண்டு வந்துட்டு, அது மட்டும் வரமாட்டேன்னுட்டு. முறுக்குன முறுக்குல உள்ள இருந்த ரப்பரு பிதுங்கி, காத்து கசிஞ்சுகிட்டே இருந்திருக்கு" என்றார்.

"மத்த மூணும் எங்க வந்துச்சு?"

"பார்ட்டி கூப்பிடுதாவ, வைக்கட்டுமா?" என்றார்.

"ஏங்க. மத்த மூணும் எங்க இருக்கு?"

"பையில கெடக்கு."

"பையில எதுக்குக் கெடக்கு?"

"தெனமும் பையிலதாட்டி கெடக்கும்" என்றார்.

திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் புனலூரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். அவர் சொன்னார். அந்த மூடி வெளிநாட்டு டயருக்குச் செய்தது. அது கேட்கிற காற்று எங்கள் வண்டிக்கு ரொம்ப அதிகம். சரியான அளவு வைத்தால் அது சிவப்புத்தான் காட்டும். அது பச்சை காட்டுகிற அளவுக்கு அடித்துக்கொண்டு வெயிலில் மலை ஏறினால் டயர் தாங்காது. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வருமுன் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, நாலு டயருக்கும் கூடுதலாகக் காற்று அடித்து, பையிலிருந்து மூடிகளை எடுத்து மாட்டிக்கொண்டு வருவார். நான் சுற்றிப் பார்ப்பேன், பச்சை. காலையில் தெருமுனை திரும்பினதும் இறங்கி, மூடிகளைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கூடுதல் காற்றைத் திறந்து விடுவார். கடைசி வீட்டுக் குக்கர். ஒன்றரை மாதம், ஒரு நாள் விடாமல்.

"இன்னைக்கு அது வரலன்னதும் செங்கோட்டைல கழட்டிக்கலாம்னு பாத்தேன், பார்ட்டி அவசரப்பட்டாவ. செவப்புக் காட்டத்தான் செஞ்சுச்சு. நான் பாத்தேன்ட்டி. காலைல தட்டினப்ப சத்தம் சரியாத்தான் இருந்துச்சு, சரியான காத்துக்கு அது செவப்புதானே காட்டும்னு விட்டுட்டேன். ஒனக்குப் பச்சையக் காட்டிக் காட்டி, எனக்குச் செவப்புன்னா சரின்னு பழகிப் போச்சு."

"சொல்லித் தொலச்சிருக்கலாம்லா?"

"சொன்னா நீ சோறு திங்க மாட்ட."

யாரோ ஒருத்தி லைனில் மூக்கை உறிஞ்சினாள். திருநெல்வேலியாகத்தான் இருக்கும். சூப்பர்வைசர் அம்மா எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, "சர்வீஸ் கால் முடிஞ்சுது, எல்லாரும் லைன விடுங்க" என்றார்.

அன்றைக்கு மீதி நேரமெல்லாம் எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது, என் மேல் அதைவிட. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் பயத்தைப் பார்த்துச் சிரித்த மனுஷன் அதற்குத் தினமும் இரண்டு வேளை குனிந்து நிமிர்ந்திருக்கிறார். நானோ பச்சையை நம்பினேனே தவிர அவரை நம்பவில்லை. அவரும் அந்த ஐந்து பேரும் ஒரு கைக்குழந்தையின் வாந்தியால் பிழைத்தார்கள்.

சாயங்காலம் வண்டி மூன்று வெள்ளைச் சக்கரமும் ஒரு இரும்புச் சக்கரமுமாக வந்து நின்றது. நான் சுற்றி வரவில்லை. அவர் டிக்கியைத் திறந்து, உட்கார்ந்துபோன சக்கரத்தை வெளியே உருட்டினார். குறட்டை எடுத்துவந்து தெருவில் உட்கார்ந்தேன். அவர் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. என் முறுக்கை நானே பிரிக்க வேண்டும். மூன்று தரம் வழுக்கி, நாலாவது தரம் மூடி கழன்று வந்தது. வெளியேற அதில் காற்று மிச்சமில்லை. கண்ணாடி சிவப்பாகவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வார்த்தை சொல்லாமலே அவர் வெள்ளைச் சக்கரங்களைக் கழற்றிப் பழைய இரும்பை மாட்டினார். தம்பி அடுத்த கடிதத்தில், மூடி எப்படி வேலை செய்கிறது அக்கா என்று எழுதியிருந்தான். நாலும் பச்சையாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். அந்த வீட்டில் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கும் ஒரு முறை வேண்டுமல்லவா?

அதற்குப் பிறகு காலையில் நான் வாசலுக்குப் போவதில்லை. அடுக்களையில் அரிசி களைந்துகொண்டு காது கொடுப்பேன். வெளியே ஸ்பேனர் பிடியால் டயரைத் தட்டுவார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தட்டு விழுகிற வரைக்கும் என் கை தண்ணீரிலேயே நிற்கும். விழுந்த பிறகு அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, தெருவே கேட்கிற மாதிரி, "காத்து இருக்கு!" என்பார். அடிக்குது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.